ராணிக்கு ஒரு தமிழ், பணிப்பெண்ணுக்கு ஒரு தமிழ்

உங்கள் அக்கா ஒரு ஹொலிவூட் படத்தில் இருக்கிறாள் என்று நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறீர்களாம். உங்கள் வகுப்பு ரீச்சர் என்னை வழியில் மறித்து உண்மையா என்று கேட்டார். ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தெருவில் நின்று சொல்லி முடிக்கிற கதையும் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்ட உங்கள் அப்பாவின் எழுத்து. பிழை கண்டால் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

ஹொலிவூட் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். எல்லாம் தமிழில் குரல் மாற்றிப் போட்ட படங்களாகப் பார்த்ததுதான். கொட்டாஞ்சேனையில் பெயின்ற் கலக்கிக் கொடுக்கிற வேலை முடிந்து வந்து, சோற்றுக் கோப்பையோடு டீவிக்கு முன்னால் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு சனலில் ஒருவர் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். காப்பாற்றுகிறவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர். அவருக்குக் கறுப்பு நிறத்தில் நல்லதொரு கூட்டாளி இருப்பார். பகிடி விடுவார், பாதிப் படத்தில் செத்துப்போவார். அவர் சாகும்போது வெள்ளைக்காரருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் வருவதற்காகத்தான் அவரை வைத்திருந்தார்கள் என்பது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

இன்னொன்று, எங்கள் நாட்டைப் போன்ற வெயில் நாடுகளைக் காட்டினால் படம் முழுக்க மஞ்சளாகிவிடும். வானம் மஞ்சள், மதில் மஞ்சள், ஆட்களும் மஞ்சள். எங்கள் கடையின் நிற அட்டையில் அதற்கு மாம்பழம் என்று பெயர். வெள்ளைக்குத்தான் அந்த அட்டையில் பக்கம் பக்கமாகப் பெயர் இருக்கிறது: முத்து, பனி, தந்தம், மல்லிகை, முட்டைக்கோது. மண்ணிறத்துக்கு மண்ணிறம் என்றுதான் பெயர்.

சரி, படத்துக்கு வருகிறேன். மலை உச்சியில் ஒரு ராச்சியம். அப்பா ராசா இறந்ததும் மகளைத் துரத்துகிறார்கள், கடைசியில் அவள் திரும்பி வந்து முடிசூடுகிறாள். அந்த மகளாக அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். அதற்கு உலகம் முழுக்கச் சண்டை. ஒரு பகுதி ஆட்கள், இது நீதி என்றார்கள். மற்றப் பகுதி, பழைய கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்றது. முகநூலில் பார்த்தால், மலை உச்சியில் இருந்த அந்த ராச்சியத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் வாக்காளர்கள் போலச் சண்டை பிடித்தார்கள்.

அந்தப் படத்தைத் தமிழாக்கிப் போயா தினத்துப் பௌர்ணமி லீவில் போட ஒரு தமிழ்ச் சனல் வாங்கியது. குரல் கொடுக்கும் வேலை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்த சின்ன ஸ்டூடியோவில் நடந்தது. றெயில் பாதைக்குக் கிட்ட என்பதால் றெயில் வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தி, அது போகும் வரைக்கும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். உங்கள் அக்கா அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தாள். குரல் தேர்வுக்குப் போனாள். போன அன்றே அவளுக்கு ராணியின் குரலைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் நாங்கள் எல்லோரும் தலைகால் தெரியாமல் நின்றோம்.

பதிவு ஞாயிற்றுக்கிழமைகளில். எனக்கும் அன்றுதான் லீவு, அதனால் துணைக்குப் போனேன். முதல் ஞாயிறு பதிவே நடக்கவில்லை. நெறியாளர் கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். வெள்ளவத்தையில் பிறந்து வெளிநாட்டில் படித்து வந்தவர், நல்ல மனிதர், எவரையும் நீங்கள் என்றுதான் சொல்லுவார். மைக்குக்கு முன்னால் வாய் திறக்க முதல் இந்தப் படத்தின் செய்தி என்ன என்று எல்லோருக்கும் விளங்க வேண்டும், கதைப்போம் என்றார். துணைக்கு வந்த என்னையும் வட்டத்துக்குள் இருத்திவிட்டார். எனக்குப் பக்கத்தில் படத்துக்குக் காசு கொடுக்கும் அனுசரணைக் கம்பனியிலிருந்து வந்த இளைஞர். என்ன கம்பனி என்று கேட்டேன். முகம் வெளுக்கப் பூசும் கிறீம் என்றார். கறுப்பு ராணியின் படத்துக்கு அவர்கள்தான் அனுசரணை.

முதலில் வாய் திறந்தவர், மந்திரியின் குரலுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர். இது எல்லாம் வலிந்து திணிக்கிறது, அமெரிக்காக்காரன் கணக்குக் காட்டுகிறான், ஒரு கறுப்பு, ஒரு சீனா, சக்கர நாற்காலியில் ஒருவர் என்று சமையல் குறிப்பு மாதிரிப் போடுகிறான் என்றார். வியாபாரியின் குரலுக்கு மாளிகாவத்தையிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் தம்பி, கணக்குக் காட்டினாலும் பரவாயில்லை, முந்தி அந்தக் கணக்கும் இல்லையே என்றார்.

"எங்கட ஆக்கள் ஹொலிவூட்டுக்குள்ள வந்தா ஒண்டு ஒட்டகம், இல்லாட்டிக் குண்டு," என்று அவர் சொன்னபோது மாஸ்டரும் சிரித்துவிட்டார்.

நெறியாளர் சிரிக்கவில்லை. அவர் எழும்பி நின்று நீண்ட நேரம் கதைத்தார். முந்தி வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் மை பூசிக்கொண்டு மற்ற இனத்தவர்களாக நடித்ததைச் சொன்னார். கறுப்பினப் பெண் என்றால் சமையற்காரி, பிள்ளை வளர்க்கிறவள், சத்தமாகச் சிரிக்கிறவள் என்று அந்தக் காலப் படங்களில் வைத்திருந்ததைச் சொன்னார். ஒரு இனத்தை ஒரே வேலைக்குள்ளும் ஒரே பகிடிக்குள்ளும் அடைப்பது வன்முறை என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிறீம் கம்பனி இளைஞர் கைதட்டினார். தங்கள் கிறீம் எல்லா நிறத்தவருக்கும் ஏற்றது என்றும் சொன்னார்.

பிறகு நெறியாளர் என்னைப் பார்த்து, ஐயா என்ன நினைக்கிறீங்கள் என்று கேட்டார். எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. மனதில் பட்டதைக் கேட்டேன்.

"ராணி என்ன நிறமெண்டாலும் எனக்குச் சரி, சேர். அவ தமிழில கதைக்கேக்க எந்த ஊர்த் தமிழ் கதைப்பா?"

அருமையான கேள்வி என்றார். அதையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறாராம். ராணிக்கும் இளவரசனுக்கும் செய்தி வாசிக்கிற சுத்தத் தமிழ். மந்திரி படித்தவர் என்பதால் யாழ்ப்பாணத் தமிழ். வியாபாரிக்கு முஸ்லிம் தமிழ். கள்ளனுக்கு மெட்ராஸ் தமிழ், அது இல்லாவிட்டால் அவனைக் கள்ளன் என்று சனம் நம்பாது. ராணியை வளர்த்த அரண்மனைப் பணிப்பெண்ணுக்கு மலையகத் தமிழ். அதைப் பேசத் தெரிந்த ஒருவர்தான் இன்னும் கிடைக்கவில்லை என்று கவலைப்பட்டார்.

மாளிகாவத்தைத் தம்பி என் காதுக்குள் சொன்னார்: "எங்கட கையில எந்தப் படத்திலயும் தராசுதான் ஈக்கி, அண்ணன்."

தேத்தண்ணி இடைவேளையில் உங்கள் அம்மா அக்காவுக்குப் போன் எடுத்தாள். உங்களுக்குத் தெரியும், அக்கா என்னோடு ஒரு மாதிரியும் அம்மாவோடு வேறு மாதிரியும் கதைப்பாள். அம்மா மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கார்மென்ற் தையல் வேலைக்காகக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவள். கடைக்குப் போனால் ஓம் என்பாள், வீட்டுக்குள் வந்ததும் ஆமா என்பாள். அக்காவுக்கு அம்மாவின் குரல் காதில் விழுந்தால் போதும், நாக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். அன்றைக்கும் படிக்கட்டில் நின்று, "ஆமாம்மா, சாப்புட்டேன். அப்பாவும் சாப்புட்டாரு, நீ ரோசன பண்ணாத," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நெறியாளர் கையில் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார். அவருடைய முகத்தில் தொலைந்த சாவி கிடைத்தவனின் சந்தோசம்.

"தங்கச்சி, உங்களுக்கு அது வருமே," என்றார். "முதலே சொல்லியிருக்கலாமே."

அவ்வளவுதான். அக்காவுக்கு ராணி போய்ப் பணிப்பெண் வந்தது. ராணிக்கு வேறு ஆள் எடுக்கலாம், சுத்தத் தமிழ் பேசப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், இந்தத் தமிழுக்கு நீங்கள் ஒருவர்தான், இது பதவி உயர்வு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே கோபம். புறக்கோட்டையில் பஸ் மாறும்போது, இனிப் போகத் தேவையில்லை என்று நான் தீர்மானமாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு எங்களைப் பார்த்த பார்வையில், நாங்கள் இரண்டு பேரும் வேறு வீட்டுச் செய்தியைச் சொன்னது போல இருந்தது. அவளுக்குச் சந்தோசம்.

"ராணி யாரு வேணும்னாலும் ஆகட்டும்," என்றாள். "நம்ம பேச்சு டீவில வருதுன்னா சும்மாவா? செய்தில கூட வராது."

அக்கா சொன்னாள், அம்மா, அதைக் கேட்டுச் சனம் சிரிக்கத்தான் வைக்கிறார்கள் என்று. அம்மா அரிசி கழுவுவதை நிறுத்தவில்லை.

"நீ சிரிக்கிற மாதிரி பேசாத. நான் பேசுறப்ப நீங்க சிரிக்கிறீங்களா என்ன?"



அடுத்த நாளே அம்மா தோட்டத்துக்குப் போன் எடுத்தாள். முதலில் உங்கள் பெரியம்மாவுக்கு, பிறகு மாமாவுக்கு, பிறகு அந்த லயத்து வரிசை வீடுகளில் போன் வைத்திருக்கும் எல்லோருக்கும். என் மகள் இங்கிலீஷ் படத்தில் நம்ம பேச்சுப் பேசப் போகிறாள், போயாவுக்குப் போடுவார்கள், எல்லோரும் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பெரியம்மா வீட்டில் அன்று பாயாசம் வைப்பதாக முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு போகமாட்டேன் என்று அக்கா எப்படிச் சொல்வாள்? அம்மாவின் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களுடைய பேச்சு அவர்கள் மானத்தைக் காப்பாற்றும்படி வர வேண்டும். அது இப்போது இவள் தலையில்.

பதிவுக்குப் போனோம். பணிப்பெண் வருகிற இடத்தை முதலில் இங்கிலீசில் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது, ஆனால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது விளங்கியது. ராசாவின் மகளைத் துரத்துகிறார்கள். வளர்த்தவள் வாசலில் நின்று, நீ எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும் என்கிறாள். அவ்வளவுதான். தமிழ் வசனத்தைப் பார்த்தால், அந்த இடத்தில் பணிப்பெண் சோற்றுப் பானையைப் பற்றிக் கதைக்கிறாள், பிறகு கிரீடத்தைக் கூடை என்று நினைத்துத் தலையில் கவிழ்க்கப் பார்க்கிறாள். படத்தில் அவள் கையில் கிரீடமே இல்லை. அழுதுகொண்டு நிற்கிறாள்.

இங்கிலீசில் இருக்கிறதையே ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டுமா என்று அக்கா கேட்டாள். நெறியாளர் சரி என்றார். ஒரு றெயில் போகும் வரைக்கும் காத்திருந்தோம். பிறகு அவள் மைக்குக்கு முன்னால் நின்று, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்:

"எங்க போனாலும் வந்துரு சாமி. நான் கதவ சாத்த மாட்டேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாளிகாவத்தைத் தம்பி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். நெறியாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நல்லாயிருக்கு, மிகவும் நல்லாயிருக்கு என்றார். பிறகு கிறீம் கம்பனி இளைஞரைப் பார்த்தார். அந்த இளைஞர், படத்தில் வேறு பகிடியே இல்லை, இதையும் எடுத்துவிட்டால் குடும்பமாக இருந்து பார்க்கமாட்டார்கள் என்றார். சனலை மாற்றிவிடுவார்கள், விளம்பரத்தை யார் பார்ப்பது என்றார்.

நெறியாளர் அக்காவிடம் வந்து, எழுதியிருக்கிறபடி சொல்லுங்கள், அந்த இழுவையைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்றார். அக்கா மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சேர், நீங்கள்தானே சொன்னீங்கள், ஒரு இனத்தை ஒரே பகிடிக்குள்ள அடைக்கிறது வன்முறை எண்டு."

"அது அமெரிக்காவில, தங்கச்சி," என்றார் அவர். "இது எங்கட ஆக்கள்தானே. எங்களுக்குள்ள என்ன இனவாதம்?"

மாஸ்டர் தலையாட்டினார். முதல் ஞாயிறு எதிர்எதிராக நின்ற நெறியாளரும் மாஸ்டரும் அன்றைக்கு ஒரே பக்கம். ஹொலிவூட்டைப் பற்றித்தான் அவர்களுக்குக் கருத்து வேறுபாடு இருந்தது.

நான் எழும்பிவிட்டேன், வா போவோம் என்றேன். அக்கா வரவில்லை. அந்த வசனத்தைச் சொல்லமாட்டேன், ஆனால் வேறு ஏதாவது குரல் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். எனக்கு விளங்கியது. அம்மாவின் ஆட்களுக்கு ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் அவளுக்கு. நெறியாளருக்கும் மனச்சாட்சி உறுத்தியிருக்க வேண்டும். முடிசூட்டு விழாவில் கூட்டம் இருக்கிறது, அதில் நில்லுங்கள் என்றார். பணிப்பெண்ணுக்கு வெள்ளவத்தையிலிருந்தே ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் மலையகத்துக்குப் போனது ஒருமுறைதான், அதுவும் சுற்றுலாவில் குதிரைச் சவாரிக்கு. ஆனால் நன்றாகச் சிரிக்க வைத்தது.

கூட்டத்தின் சத்தத்தைக் கடைசி ஞாயிறு எடுத்தார்கள். இருந்த எல்லோரையும் ஒரே மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள், என்னையும் சேர்த்து. என்ன கத்துவது என்று மாஸ்டர் கேட்டார். அதற்கு வசனம் எழுதவில்லை, வாயில் வந்ததைக் கத்துங்கள், எப்படியும் ஒருவருக்கும் விளங்காது என்றார் நெறியாளர். மாஸ்டர் நீடு வாழ்க என்றார். மாளிகாவத்தைத் தம்பி, அந்தப் புள்ளக்கி அல்லா நல்ல காலத்தக் குடுக்கட்டும் என்று கத்தினார். கள்ளனுக்குக் குரல் கொடுத்தவர் விசில் அடித்தார். நான் சிங்களத்தில் ஜெயவேவா என்றேன், ஏன் என்று தெரியாது, பெரிய கூட்டம் என்றாலே கொழும்பில் அதுதான் வாயில் வருகிறது. உங்கள் அக்கா என்ன கத்தினாள் என்று அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உள்ளதைச் சொன்னாள். பணிப்பெண் நான் இல்லை, கூட்டத்தில்தான் நிற்கிறேன், பெரியம்மாவுக்குச் சொல்லிவிடு என்றாள். அம்மா சொல்லவில்லை. எல்லோரையும் கூப்பிட்டாயிற்று, இனி என்னத்தை மாற்றுவது என்றாள். அதில் இருந்த வில்லங்கம் எங்களுக்குப் படம் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

போயாவன்று மத்தியானம் நீங்கள் இரண்டு பேரும் டீவிக்கு முன்னால் படுத்திருந்தீர்கள். பணிப்பெண் வந்தாள். சோற்றுப் பானையைப் பற்றிக் கதைத்தாள். கூடைப் பகிடி சொன்னாள். இழுத்து இழுத்துச் சொன்னாள். படத்தில் அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்போது அம்மாவின் போன் அடித்தது. பெரியம்மா. சத்தம் வெளியில் கேட்கும்படி வைத்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏன்டி, இதா உம் மக?" என்றாள். பின்னால் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற அமைதி. "நம்மள இப்புடியா பேசுறா?"

அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. தன் ஊரையே கூப்பிட்டு உட்காரவைத்து அவமானப்படுத்தியவள் மாதிரி நின்றாள். அக்கா போனை வாங்கப் பார்த்தாள், அம்மா கொடுக்கவில்லை.

"அது அவ இல்லக்கா. வைக்காத. கடைசில வருவா, கேளு."

வைக்காமலே இருந்தார்கள். இரண்டு பக்கமும் படம் மட்டும் ஓடியது. தோட்டத்தில் டிஷ், அங்கே எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், அதனால் ஒவ்வொரு வசனமும் எங்கள் வீட்டில் ஒருமுறையும் போனுக்குள் ஒருமுறையும் கேட்டது. விளம்பரம் வேறு. ஒவ்வொரு பெரிய கட்டத்திலும் வெட்டிவிட்டு, ஒரு பெண்ணின் முகம் படிப்படியாக வெளுப்பதைக் காட்டினார்கள். முடிசூட்டு விழா தொடங்கியதும் அக்கா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். இந்த இடத்தில் வெட்டினால் முடிந்தது என்றாள்.

ராணி படியேறினாள். கிரீடத்தை வைத்தார்கள். கூட்டம் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே, ஒரு மூச்சு நேரம், தனியாக ஒரு குரல் ஏறி வந்தது:

"நல்லா இரு தாயி! மகராசியா இரு!"

உடனே கிறீம் வந்துவிட்டது. அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அங்கே இன்னும் ராணி படியேறிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் எங்கள் டீவியில் முகம் வெளுக்கிற பெண்ணைப் பார்த்தபடி காத்திருந்தோம். பிறகு போனுக்குள் கூட்டம் இரைந்தது. அந்தக் குரல் சின்னதாகக் கேட்டது. அங்கே யாரோ கைதட்டினார்கள், யாரோ அவர்களை அடக்கினார்கள்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு," என்றாள் பெரியம்மா. "நம்ம மாரியம்மன் தேருக்குக் கத்துற மாதிரியே கத்துறாடி."

பிறகு, பாயாசம் ஆறுது என்று சொல்லிப் போனை வைத்தாள்.